கூடுதலாக நாலு வருஷம்

சர்வேயரின் முழங்கால்கள் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன. வயிற்றை எக்கினால்தான் கதவைச் சாத்த முடியும் போலிருந்தது. டிரைவர் சீட் அவ்வளவு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது.

"சீட்டைப் பின்னால தள்ளிக்கலாமே சார்," என்றான் தந்தி, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி. "இல்ல, ஸ்டீயரிங்கை வாயால திருப்பப் போறீங்களா?"

"தொடாதே. குவாரிக் கரையில இது இப்படியேதான் நின்னுது."

போலீஸ் ஸ்டேஷனின் பின்புற முற்றம் அது. பிடிபட்ட பைக்குகளும் நசுங்கிய வேன்களும் துருப்பிடித்துக் கிடந்த இடத்தில் அந்த வெள்ளைக் கார் மட்டும் கழுவித் துடைத்ததுபோல நின்றது. சர்வேயருக்கு வண்டிகளைப் பார்ப்பது பழகிய வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய கார்களைப் பார்வையிட்டு, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தந்தி அவருடைய உதவியாளன். முன்பு டாக்ஸி ஓட்டியவன். எந்தச் செய்தியையும் நாலு வார்த்தையில் போட்டு உடைப்பதால் அந்தப் பெயர்.

காரின் சொந்தக்காரர் இப்போது உயிரோடு இல்லை. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் லேப் ஒன்றில் வேலை பார்த்தவர். நாற்பதைத் தொடாத வயது, அமைதியான ஆள், மனைவி, ஒரு பெண் குழந்தை. கைவிட்ட கல்குவாரியில் தேங்கிய தண்ணீரிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். கார் கரையில் நின்றது.

முதலில் தற்கொலை என்றுதான் இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். அதை மாற்றியவள் இறந்தவரின் அக்காள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஸ்டேஷனுக்கு வந்து அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். சாகப்போகிறவன் எவனாவது அதற்குப் பத்து நாள் முன்னால் போய், காருக்கு இன்னும் நாலு வருஷத்துக்குக் கூடுதல் வாரண்டி வாங்குவானா?

 இன்ஸ்பெக்டர் மூட இருந்த கேஸைத் திறந்தார். திறந்ததும் மற்றவை வரிசையாக வந்து சேர்ந்தன. இறந்தவர் ஆறடிக்கு மேல். அவர் மனைவி அவருடைய தோளுக்குக் கீழே. சீட்டோ அவளுக்கு அளவெடுத்ததுபோல் முன்னால் இருந்தது. உடலின் வலது கை விரல்களில் சூடுபட்ட காயங்கள், ஆறியும் ஆறாமலும். வீட்டில் சில மாதமாகச் சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். கடைசியாக அவர் போனில் பேசியது அக்காளிடம். சாதாரணமாகத்தான் பேசினான், குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, என்றாள் அவள்.

சாயங்காலம் மனைவியைக் கைது செய்வதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அவள் தப்பிக்க ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது என்பதற்காக அக்காள் சர்வேயரையும் அமர்த்தினாள். குழந்தையை ஏற்கெனவே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

சர்வேயர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பின் சீட்டு தெரிந்தது. உடம்பைக் குறுக்கி, தலையைத் தாழ்த்திக் குட்டையான ஒருவரின் உயரத்துக்கு வந்தார். இப்போது பின்பக்கக் கண்ணாடி முழுவதும், ஒரு ஓரம்கூடக் குறையாமல், சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிகளும் அப்படியே. சாவியைத் திருப்பினார். டேங்க் நிறைய பெட்ரோல்.

இறங்கி டயர்களை உதைத்துப் பார்த்தார். நாலும் கல்மாதிரி இருந்தன.

"கொலை பண்ணப் போற அவசரத்துல மூணு கண்ணாடியையும் இவ்வளவு அழகா யாருய்யா திருப்பி வைப்பாங்க?"

"பின்னால வர்ற வண்டிக்கு வழிவிடணும்னு நினைச்சிருப்பாங்க சார். நல்ல பழக்கம்தானே," என்றான் தந்தி.

சர்வேயர் சிரிக்கவில்லை. "இது ஓட்டிட்டு வந்து விட்டுட்டுப் போன வண்டி மாதிரி தெரியல. யாருக்கோ ஒப்படைச்ச வண்டி மாதிரி இருக்கு. அந்த வாரண்டியை வித்தவங்களைப் பார்க்கலாம், வா."

*

ஷோரூமின் உள்ளே ஏசி காதை அடைத்தது. புதுக் கார்களின் பளபளப்பைத் தாண்டி, மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வாரண்டி விற்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் ஒரு கியர்பாக்ஸைப் பாதியாக வெட்டி, பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள், வாங்க வருகிறவர்களைப் பயமுறுத்த.

தந்தி உட்கார்ந்ததும் அவள் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டாள். கம்பெனி தருகிற வாரண்டி தீர்ந்த மறுநாள் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா," என்றான் தந்தி. "அதெல்லாம் அனுபவிச்சிட்டேன்."

சர்வேயர் இறந்தவரின் படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவள் பார்த்தாள். முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு மெல்ல இறங்கியது. பேப்பரில் படித்தேன், ஆனால் அவர்தான் என்று தெரியாது என்றாள்.

ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்து போகும் கவுன்ட்டரில் இவர் மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று சர்வேயர் கேட்டார்.

அவள் காரணம் சொன்னாள். அவரிடம் கம்பெனி வாரண்டியே இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்ததாம். வழக்கமாக எல்லாரும் முடிகிற கடைசி வாரத்தில், சில பேர் முடிந்த பிறகும், தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள். அவசரமே இல்லை சார், அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாமே என்று இவளே சொல்லியிருக்கிறாள். வேண்டாம், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றாராம்.

"விக்கிறவங்க வேணாங்கிறாங்க, வாங்குறவரு விடமாட்டேங்கிறாரு," என்றான் தந்தி. "நான் கடைக்குப் போனா மட்டும் இது தலைகீழா நடக்குது."

"வேற என்ன கேட்டாரு?" என்றார் சர்வேயர்.

நிறையக் கேட்டாராம். ஆர்.சி. வேறு பெயருக்கு மாறினால் இந்த வாரண்டி செல்லுமா என்று கேட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றாள். ஒரு பெண், கூடக் குழந்தை, நடு ரோட்டில் வண்டி நின்றுபோனால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார்கள் என்று கேட்டார். அவள் சொன்னதை நம்பாமல், அங்கேயே உட்கார்ந்து ஹெல்ப்லைன் நம்பருக்கு போன் போட்டார். மறுமுனையில் மனிதக் குரல் வரும்வரை காத்திருந்து, 'ஒண்ணுமில்லைங்க, எடுக்கறீங்களான்னு பார்த்தேன்' என்று வைத்துவிட்டார்.

"நாங்க எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான் சார். இந்தக் காரை இன்னும் எவ்வளவு வருஷம் வச்சிருக்கப் போறீங்கன்னு கேட்டேன். 'நான் வச்சிருக்கப் போறதில்ல, என் வீட்ல வச்சிருப்பாங்க'ன்னாரு. சரி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ பிரிவினைன்னு நினைச்சுக்கிட்டேன். மேல கேக்கல."



அவள் வெட்டிவைத்த கியர்பாக்ஸின் பல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொன்று சொல்லலாமா என்று தயங்கினாள். சர்வேயர் காத்திருந்தார்.

"குடிச்சிட்டு வந்திருக்காரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் சார். ஆனா வாசனை இல்ல. காபி குடுத்தேன், பாதி மேஜை மேல கொட்டிடுச்சு. வலது கையை இடது கையால புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. கடைசியா, எதுக்கெல்லாம் வாரண்டி உண்டுன்னு நான் சொல்லிக்கிட்டு வரும்போது, 'தயாரிப்பிலேயே இருந்த கோளாறுக்கு உண்டா'ன்னு கேட்டாரு. அதுக்குத்தானே சார் வாரண்டியேன்னேன். சிரிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன் சார்."

கடைசி வாக்கியத்தை அவள் மெதுவாகச் சொன்னாள்.

*

"தற்கொலைதான். வாரண்டியே சாட்சி," என்றான் தந்தி, வண்டியைத் திருப்பியபடி. "அக்காக்காரம்மா எதைக் காட்டிக் கொலைன்னாங்களோ, அதுவே இல்லன்னு சொல்லுது. ஒரு வருஷம் கழிச்சு வாங்க ஆள் இருக்கமாட்டோம்னு தெரிஞ்சுதான் மனுஷன் முன்னாடியே வந்திருக்காரு. இன்ஸ்பெக்டருக்கு போன் போடவா சார்?"

சர்வேயர் தலையசைக்கவில்லை. போன் போட்டால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்பது அவருக்குத் தெரியும். புருஷன் பிரிந்துபோக ஏற்பாடு செய்தான், அதைத் தெரிந்துகொண்டு மனைவி கொன்றாள் என்பார். ஏன் என்பதற்குப் பதில் கிடைக்காதவரை அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது மாடியில் இருந்தது அந்த வீடு. கதவு திறந்தே கிடந்தது. மனைவி சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போலீஸ் என்று நினைத்து எழுந்து, செருப்பைத் தேடினாள். நாங்கள் போலீஸ் இல்லை என்று சொல்லி அவளை உட்காரவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டில் என்ன சத்தம் என்று சர்வேயர் கேட்டார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், அந்தச் சத்தம்தான் என்றாள் அவள். நாலு மாதமாக விடாமல். ஒருநாள்கூட அதட்டிப் பேசாத மனிதர், கிளட்சைத் தப்பாக விட்டால் கத்துவார், வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே கத்துவார். எனக்கு வேண்டாம், பயமாக இருக்கிறது, நீங்கள் இருக்கும்போது நான் எதற்கு ஓட்ட வேண்டும் என்று இவள் ஒருநாள் அழுதபோது, வண்டியை அப்படியே ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்துபோயிருக்கிறார்.

"என்னை அவருக்குப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைச்சேன் சார்."

"சீட்டு, கண்ணாடியெல்லாம் யாரு சரிபண்ணுவாங்க?"

"அவருதான். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் ஏறுறதுக்கு முன்னாடி எனக்குத் தோதா வச்சிட்டு, அப்புறம்தான் இறங்கி எனக்கு இடம் விடுவாரு."

விரலில் இருந்த சூட்டுக் காயங்களைப் பற்றிக் கேட்டார். லேப்பில் மெழுகு உருக்கும் கத்தி என்றாள். பல் செய்ய முதலில் மெழுகில்தான் அச்சு செதுக்குவார்களாம். இத்தனை வருஷத்தில் சுட்டுக்கொண்டதே இல்லை, இந்த வருஷம்தான் அடிக்கடி. கவனம் எங்கே இருக்கிறது என்று இவள்கூடத் திட்டியிருக்கிறாள்.

சர்வேயர் தன் அடுத்த கேள்வியை மிகச் சாதாரணமான குரலில் கேட்டார். "அவரோட அப்பா எப்படித் தவறிப்போனாரு?"

"ஹார்ட் அட்டாக். தூக்கத்துலயே போயிட்டாருன்னு அண்ணி சொல்லியிருக்காங்க. எங்க கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடி."

"உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரா?"

"அவரு அப்போ ஹாஸ்டல்ல படிச்சிட்டிருந்தாரு. அப்பாவைப் பத்தி எதுவா இருந்தாலும் அக்காவைத்தான் கேக்கணும்னு சொல்லுவாரு." அவள் சட்டென்று சர்வேயரின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் சார்?"

சர்வேயர் எழுந்துகொண்டார்.  தெருவுக்கு வந்ததும் தந்தி, "அப்பாகிட்டேருந்து வந்த சொத்து கைநடுக்கம்தானே சார்?" என்று மட்டும் கேட்டான்.

*

அக்காளின் வீடு ஊரின் மறுகோடியில், துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. அங்கே சூப்பர்வைசர் வேலை அவளுக்கு. ஐம்பது வயது. கல்யாணம் ஆகாதவள். சோப்பு வாடை வீட்டுக்குள்ளும் வந்தது. குழந்தை கூடத்தில் மடித்த துணிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தந்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று விசாரித்தான்.

சமையலறையில் அக்காள் நின்றுகொண்டே பேசினாள். கைது செய்துவிட்டார்களா என்று கேட்டாள்.

சர்வேயர் வாரண்டிக் கவுன்ட்டரில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னார். அவசரமாக வாங்கியதை, பெயர் மாற்றம் பற்றிக் கேட்டதை, கை நடுங்கியதை. தயாரிப்பிலேயே இருந்த கோளாறு என்று சொல்லிச் சிரித்ததைச் சொன்னபோது அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அப்பா தூக்கத்துல சாகல, இல்லம்மா?"

அவள் ஒரு துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எத்தனை வருஷம் படுத்திருந்தாரு?"

"படுக்கவே இல்லியே," என்றாள் அக்காள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "படுக்க விடாது அந்த வியாதி. கையும் காலும் தானா ஆடிக்கிட்டே இருக்கும். கட்டிப்போட்டாலும் ஆடும். முதல்ல கைதான். டம்ளர் விழும். அப்புறம் நடை. அப்புறம் பேச்சு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. ஒன்பது வருஷம் நான் ஒருத்திதான் பார்த்தேன். தம்பியை ஹாஸ்டல்ல போட்டேன், கண்ணுல படக்கூடாதுன்னு."

பிள்ளைகளுக்கு வரலாம், பாதிக்குப் பாதி என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு அவன் ஒரு பெண்ணைக் காட்டி, இவளைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து, சொல்லலாம் என்று வந்தவள் சொல்லாமலே திரும்பிவிட்டாள்.

"நான் ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு நினைச்சீங்க? எனக்குத் தெரியும் சார், அதனால. அவனாவது தெரியாம நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டாரு."

"கை ஆட ஆரம்பிச்சதும் வெளியூர்ல போய் டாக்டரைப் பார்த்திருக்கான். அவரு அப்பாவைப் பத்திக் கேட்டிருக்காரு."

"கடைசி போன்ல பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசல. அப்படித்தானே?"

அக்காள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். குழந்தையின் வீட்டுக்கு மாடி எழும்பியிருந்தது. தந்தி ஒரு தலையணை உறையை மடித்து நீட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்குக் கடைசியில எப்படி இருந்துச்சுன்னு கேட்டான். அப்படியெல்லாம் ஒண்ணுமில்லடா, நிம்மதியாத்தான் போனாருன்னேன். 'இப்பவும் பொய் சொல்றியேக்கா'ன்னான். அவ்வளவுதான். வச்சிட்டான். காத்து சத்தம் கேட்டுது. தண்ணிக்கரையில நிக்கிறான்னு எனக்கு எங்க தெரியும்?"

"தனியாத்தான் நின்னாரு. அது உங்களுக்குத் தெரியும்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. அவன் மனைவி கொன்றாள் என்று இருந்தால்தான் என்னால் உயிரோடு இருக்க முடியும் சார். இல்லையென்றால் யார் கொன்றது? கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? போனிலாவது உண்மையைச் சொல்லி, நான் பார்த்துக்கொள்கிறேன் வாடா என்றிருந்தால்?

சர்வேயர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அவள் அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு தன் போனில் இன்ஸ்பெக்டரின் நம்பரைப் போட்டு அவளிடம் நீட்டினார். முதலில் அவள் கை அதை வாங்கவில்லை. பிறகு வாங்கியது. கடைசி போனில் தம்பி என்ன பேசினான், தான் ஏன் அதை மறைத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் இன்ஸ்பெக்டர் நெடுநேரம் கத்தினார். கடைசியில், நேரில் வந்து இதையே சொல்ல வேண்டும், அதுவரை யாரையும் தொடமாட்டேன் என்றார்.

"ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்," என்றார் சர்வேயர். "முதல்ல வேற ஒருத்தருக்குச் சொல்லணும்."

*

மூன்றாவது மாடிக் கதவு இப்போதும் திறந்திருந்தது. குழந்தை ஓடிப்போய்த் தாயின் மேல் விழுந்தாள். அவளை இறுக்கிக்கொண்ட மனைவி, வாசலில் நிற்கும் நாத்தனாரைப் பார்த்து, திரும்பவும் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சுவரோரம் ஒதுங்கினாள்.

தந்தி குழந்தையைப் பால்கனிக்கு அழைத்துப்போனான். அக்காள் வாசற்படியைத் தாண்டாமலே, தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் வியாதி, மறைத்தது, கடைசி போன், சர்வேயர் சொன்ன வாரண்டி விஷயம். உன் மேல் பழி போட்டது பொய் என்று தெரிந்தேதான் போட்டேன் என்றாள்.

மனைவி அழவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"ரோட்ல வண்டி நின்னா யாரு வருவான்னு எனக்காகக் கேட்டு வச்சிருக்காரு," என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. உனக்கு என்ன வேணும்னு கேட்கவே இல்ல. ஒன்பது வருஷம் இல்ல, தொண்ணூறு வருஷம் பார்த்திருப்பேன் சார். வண்டி ஓட்டணும்னா கேட்டேன் நான்?"

 பால்கனியில் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். ஒன்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சர்வேயர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணி. இவளுக்கு?"

 வழக்கம்போல ஒரு நல்ல பொய் அக்காளின் நாக்கு நுனிவரை வந்து நின்றது முகத்தில் தெரிந்தது.

"வரலாம்," என்றாள். "வராமலும் போகலாம். பெரியவளானப்புறம் டெஸ்ட் எடுத்தா தெரியும். அதுக்கு முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது."

 மனைவி சுவரை விட்டு விலகி வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்க. உங்க அப்பாவுக்கு முதல் நாள்ல இருந்து என்னென்ன ஆச்சுன்னு எல்லாத்தையும் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கும்னு எதையும் விட்டுடாதீங்க."

அக்காள் உள்ளே போனாள்.